சிவசக்தி வாசித்த வரி

1

நான் எழுதியவற்றில் மிக அதிகம் பேர் வாசித்தது ஐந்து சொற்கள். என் இரண்டு சிறுகதைத் தொகுப்புகளையும் வாசித்தவர்களைக் கூட்டினால் பதுளை பஸ் ஒன்றில் உட்கார வைத்துவிடலாம். இரண்டாவது தொகுப்பில் முந்நூறு பிரதி அச்சடித்தோம். நூற்றெண்பது இன்னும் என் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. அந்த ஐந்து சொற்களை மட்டும் பல்லாயிரம் பேர் வாசித்திருக்கிறார்கள். என் பெயர் அதில் இல்லை.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தினேஸ் என்பவர் என் கந்தோருக்கு வந்தார். நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். பதுளையில் நீதிமன்றத்துக்குப் பக்கத்து ஒழுங்கையில், மாடிக் கட்டடம் ஒன்றின் கீழறையில் மேசை போட்டிருக்கிறேன். சிங்களத்தில் எழுதப்பட்ட அத்தாட்சிப் பத்திரங்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஆக்கிக் கொடுப்பது தொழில். தினேஸ் தன் மனைவியின் மரணப் பத்திரத்தைத் தமிழில் கேட்டார். பிறகு போனை எடுத்து நீட்டி, அதில் இருந்த ஒரு வரியை வாசித்துக் காட்டச் சொன்னார்.

அது நான் எழுதிய வரி. அவருக்கு அது தெரியாது. கதை அங்கே பிறந்தது. பிறந்ததும் எடுத்து எழுதியிருக்க வேண்டும். மூன்று தடவை தொடங்கி மூன்று தடவையும் கிழித்தேன்.

2

கிழித்தவற்றை இங்கே ஒட்டுகிறேன். நீங்கள் பார்ப்பது நல்லது.

[ஐந்து நாளாக மழை விடவில்லை. நமுனுகுல மலை மேகத்துக்குள் போய் மறைந்திருந்தது. ஆறாம் நாள்]

இதை ஏன் விட்டேன் என்றால், மழையில் தொடங்கும் கதையில் குற்றம் மழையின் மேல் போய்விடும்.

[சுபாஜினி பட்டன் செய்பவள். சட்டைக்கு வைக்கும் பட்டன் இல்லை, போன் திரையில் விரலால் அமுத்தும்]

இதில் குற்றம் சுபாஜினியின் மேல் போகிறது. வேடிக்கையாகவும் இருக்கிறது. நடந்ததில் வேடிக்கை ஒன்றும் இல்லை.

[பதுளையில் ஒரு பெண் இருந்தாள். அவள் சொற்களை மொழிபெயர்த்துப் பிழைத்து வந்தாள். ஒரு நாள் அவள்]

'அவள்' என்று எழுதியபோதே தெரிந்தது, நான் ஒளிந்துகொள்ள இடம் தேடுகிறேன் என்று. என் பெயர் கலாராணி. வயது நாற்பத்தாறு. நானும் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில், ஒரு காம்பராவில் பிறந்தவள்தான்.

3

என் கந்தோருக்கு மேல்மாடியில் றுஷ்தி என்பவர் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனம் நடத்துகிறார். பதுளைக் கடைக்காரக் குடும்பத்துப் பிள்ளை. கொழும்பில் படித்துவிட்டு, ஊரிலேயே தொழில் செய்வேன் என்று திரும்பி வந்தவர். அவரிடம் ஏழு பேர் வேலை செய்தார்கள். அதில் ஒருத்தி சுபாஜினி.

சுபாஜினிக்கு இருபத்தேழு வயது. ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் பிறந்து, உயர்தரம் படித்து, கணினி டிப்ளோமா முடித்து, பதுளையில் அறை எடுத்துத் தங்கி வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். அம்மா லெட்சுமி இன்னமும் கொழுந்து எடுக்கிறார்.

அவளுடைய வேலை என்னவென்று எனக்கு விளங்க ஒரு மாதம் பிடித்தது. இணையச் செயலி ஒன்றில் நீங்கள் காணும் ஒவ்வொன்றும் – பெயர் எழுதும் பெட்டி, திகதி தெரிவுசெய்யும் கட்டம், 'சேமி' என்ற பொத்தான், தவறு நடந்தால் மேலெழும் அறிவித்தல் – தனித்தனிப் பாகம். அவற்றை ஒவ்வொரு செயலிக்கும் புதிதாகச் செய்துகொண்டிருந்தால் காலம் போதாது. ஒருமுறை நன்றாகச் செய்து ஒரு களஞ்சியத்தில் வைத்துவிட்டால், அடுத்த செயலிக்கு எடுத்துப் பொருத்தலாம். அதற்கடுத்ததற்கும் பொருத்தலாம். ஒரு இடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் திருந்திவிடும்.

(இவற்றை அவர்கள் கம்போனன்ட் என்கிறார்கள். கலைச்சொல் அகராதி 'கூறு' என்கிறது. நான் 'பாகம்' என்று வைத்துக்கொண்டேன். லொறிக்குப் பாகம் வாங்குவது போல எல்லோருக்கும் விளங்கும்.)

"ஒரே பட்டன இருவது தடவ செய்யக் கூடாதுக்கா. ஒரு தடவ செய்யணும், ஒழுங்காச் செய்யணும்" என்பாள். ஒழுங்கு என்றால் அவளிடம் ஒழுங்கு. ஒரு பொத்தானுக்கு ஐந்து நிலை என்று வரைந்து காட்டினாள். விரல் படுவதற்கு முன், விரல் படும்போது, பதிலுக்காகக் காத்திருக்கும்போது, அமுத்த முடியாமல் இருக்கும்போது, தவறிப்போனபோது. கொழுந்து எடுத்துத் தடித்துப்போன விரலுக்கும் அமுத்த வர வேண்டும் என்று பொத்தானைப் பெரிதாக வைத்தாள். தன் அம்மாவை அமுத்தச் சொல்லிப் பார்த்து அளவெடுத்தாள். ஒரு பொத்தானை அவ்வளவு மதித்த மனுஷியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அவள்தான் என்னைக் கூப்பிட்டாள். பாகங்களின் மேல் வரும் சொற்களைத் தமிழில் எழுதித் தர ஆள் வேண்டும் என்று றுஷ்தி தேடிக்கொண்டிருந்தார். "கீழ ஒரு எழுத்தாளரே இருக்காங்களே" என்று சுபாஜினி சொன்னாளாம். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை இந்தக் கதையில் இருக்க வேண்டும். அது இல்லாமல் எழுதினால் நான் யோக்கியமாகத் தெரிவேன்.

4

இனி அந்த வரி.

முதன்முதலாக இந்தப் பாகங்கள் பொருத்தப்பட்டது பதுளை நகரில் வீடுகளுக்கு மளிகைச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு கடையின் செயலியில். ஒரே வாடிக்கையாளர் மறந்துபோய் இரண்டு தடவை பதிந்தால் கடைக்காரருக்குத் தலைவலி. அதனால் சுபாஜினி தன் முகவரிப் பெட்டிக்குள் ஒரு சோதனை வைத்தாள். அதே முகவரி மறுபடி வந்தால் அதைச் சேர்க்காது. சேர்க்கவில்லை என்று ஒரு அறிவித்தல் காட்டும்.

அறிவித்தலின் தமிழை நான் எழுதினேன். முதலில் எழுதியது இது:

"இந்த முகவரியில் ஏற்கெனவே ஒருவர் பதிவு செய்திருப்பதால் உங்கள் விவரங்கள் சேர்த்துக்கொள்ளப்படவில்லை."

சுபாஜினி அதைத் தன் பெட்டியில் போட்டுப் பார்த்தாள். சின்ன போனில் நான்கு வரி வந்தது. பொத்தான் திரைக்குக் கீழே போய்விட்டது. கீழே பொத்தான் இருப்பதே தெரியாமல் ஆட்கள் விட்டுவிடுவார்கள் என்றாள். மற்றவர்கள் ஆங்கிலத்துக்குப் பெட்டி செய்துவிட்டுத் தமிழை அமுக்கித் திணிப்பார்கள். அவள் தமிழைப் போட்டுப் பார்த்துத்தான் பெட்டியே செய்வாள். அப்படிப்பட்டவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. இரண்டு வரிக்குள் வேண்டும்.

எழுத்தாளருக்குச் சுருக்கத் தெரியாதா. பின்பாதியை வெட்டினேன். 'ஒருவர்' போனார். 'உங்கள் விவரங்கள்' போயின. 'சேர்த்துக்கொள்ளப்படவில்லை' என்ற நீளமான சொல் போனது. மிஞ்சியது இது:

"இந்த முகவரி ஏற்கெனவே பதிவாகியுள்ளது."

இரண்டாம் வரியில் இடம் மிச்சம் இருந்தது. கடைக்காரர் மரியாதையாகப் பேச வேண்டும் என்று விரும்பியதால் 'நன்றி' என்று ஒரு சொல் சேர்த்தேன். சிவப்பு நிறம் வாடிக்கையாளரைப் பயமுறுத்தும் என்று கடைக்காரர் சொன்னதால் சுபாஜினி பெட்டிக்கு இளம்பச்சை கொடுத்தாள்.

கடையின் செயலியில் அந்த வரி பொய் இல்லை. முகவரி பதிந்துதான் இருந்தது. சாமான் வந்து சேரும். இரண்டு வருஷம் யாரும் குறை சொல்லவில்லை. களஞ்சியத்திலிருந்து அந்த முகவரிப் பெட்டி இன்றுவரை எல்லாமாகப் பதினொரு செயலிகளுக்குப் போனது. ஒவ்வொன்றிலும் என் வரியும் கூடவே போனது.

5

போன வருஷம் ஒரு தொண்டு நிறுவனம் றுஷ்தியிடம் வந்தது. மண்சரிவு அபாயம் உள்ள இடங்களில் இருப்பவர்கள் தங்கள் முகவரியையும் போன் இலக்கத்தையும் பதிய ஒரு செயலி வேண்டும். அபாயம் என்றால் பதிந்த இலக்கங்களுக்குக் குறுஞ்செய்தி போகும். மழைக்காலத்துக்கு முன் முடிக்க வேண்டும். மூன்று வாரத்தில் முடித்தார்கள். பாகங்கள் எல்லாம் தயாராக இருந்தன.

சுபாஜினி அதில் ஒன்றை மாற்றினாள். முகவரிப் பெட்டியில் வீட்டு இலக்கம் கட்டாயம் என்று இருந்தது. லயத்து ஆட்களுக்கு வீட்டு இலக்கம் எங்கே இருக்கிறது? தபால் எல்லாம் தோட்டத்து ஆபிஸுக்குத்தான் வரும். தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயரும்தான் முகவரி. தன் ஆட்கள் அந்தப் பெட்டியில் முட்டி நிற்கக் கூடாது என்று அவள் இலக்கத்தைக் கட்டாயம் இல்லாததாக ஆக்கினாள்.

ஆகவே கீழ்ப்பிரிவில் இருந்த நாற்பத்திரண்டு குடும்பத்துக்கும் எழுத்துக்கு எழுத்து ஒரே முகவரி.

இரண்டு வருஷத்துக்கு முன் தான் வைத்த சோதனை அவளுக்கு நினைவில் இல்லை. நன்றாகச் செய்த பாகத்தின் குணம் அது. செய்தவளே உள்ளே எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. செயலி வேலை செய்கிறதா என்று பார்க்க அவளே முதலில் பதிந்தாள். அம்மாவின் முகவரி. போன் இலக்கம் தன்னுடையது, ஏனென்றால் அம்மாவுக்குக் குறுஞ்செய்தி பார்த்துப் பழக்கமில்லை.

கீழ்ப்பிரிவிலிருந்து ஏற்கப்பட்ட ஒரே பதிவு அதுதான். அதற்குப் பிறகு பதிந்த நாற்பத்தொரு குடும்பத்துக்கும் இளம்பச்சைப் பெட்டியில் என் வரி வந்தது.

6

அன்று.

[மழையை நான் விவரிக்கப் போவதில்லை. அதை எல்லோரும் விவரித்துவிட்டார்கள்.]

மத்தியானம் இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் சுபாஜினியின் போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது. உடனே அம்மாவைக் கூப்பிட்டாள். லெட்சுமி தன் லயத்தில் பத்துக் காம்பராவையும் தட்டிச் சொன்னார். எல்லோரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பாதையோரப் பாடசாலைக்குப் போனார்கள். மற்றவர்களின் போனுக்குச் செய்தி வராதது யாருக்கும் வினோதமாகப் படவில்லை. மழைக்குச் சிக்னல் போயிருக்கும் என்று நினைத்தார்கள்.

மேட்டு லயம் ஓடைக்கு அந்தப் பக்கம். ஓடை பாலத்துக்கு மேலால் போய்க்கொண்டிருந்தது. அவர்களுக்கும் செய்தி போயிருக்கும், அவர்கள் மேல் பாதையால் இறங்குவார்கள் என்று லெட்சுமி நினைத்தார். நினைக்கக் காரணம் இருந்தது. அவர்களும் பதிந்தவர்கள்தானே.

மேட்டு லயத்தில் சிவசக்தி இருந்தாள். சுபாஜினியும் அவளும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவர்கள். சுபாஜினி அவளுக்கு வாட்சப்பில் 'கெளம்பிட்டியா' என்று அனுப்பினாள். ஒரு கோடு மட்டும் விழுந்தது, செய்தி போய்ச் சேரவில்லை. சிக்னல் இல்லாத இடத்தில் நடந்துகொண்டிருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டாள்.

இரண்டரை மணிக்கு அவள் கீழே என் அறைக்கு வந்தாள். முகம் முழுக்க நிம்மதி. "அம்மா ஸ்கூலுக்கு வந்துட்டாங்கக்கா. நம்ம ஆப் வேல செய்யுது" என்றாள். நான் பக்கத்துக் கடையில் பிளேன்டீயும் சூடான வடையும் சொன்னேன். சாப்பிட்டோம். சொற்களை நான் எழுதியதையும் அவள் நினைவுபடுத்தி நன்றி சொன்னாள். நான் பரவாயில்லை என்றேன்.

ஐந்தேகால் மணிக்கு மேட்டு லயத்தின் பின்பக்க மலை சரிந்து இறங்கியது. நான்கு காம்பராக்கள். ஒன்பது பேர். சிவசக்தியும் அவளுடைய மாமியாரும் அந்த ஒன்பதில் இருந்தார்கள்.

7

சிவசக்தியின் கணவர்தான் தினேஸ். வெலிமடையில் மரக்கறி ஏற்றும் வேலை. அன்று அவர் லீக்ஸ் மூட்டைகளோடு லொறியில் இருந்தார். பாதைகள் மூடிக்கிடந்ததால் மறுநாள் முழுக்க நடந்துதான் வந்து சேர்ந்தார்.

இந்த ஆளை எழுதுவதில் எனக்குச் சந்தேகம் இருந்துகொண்டே இருக்கிறது. முதல் பிரதியில் அவர் மேசையில் குத்தினார். 'எவன்டா எழுதினான்' என்று கத்தினார். அது எனக்கு வசதியாக இருந்தது. கத்துகிற ஆளுக்கு முன்னால் பேசாமல் இருந்துவிடலாம். நிஜத்தில் தினேஸ் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார். நான் சொன்ன பிறகுதான் கதிரையில் உட்கார்ந்தார். பத்திரத்தைப் பொலித்தீன் உறைக்குள்ளிருந்து எடுத்து மேசையில் வைத்தார்.

"எனக்குச் சிங்களம் வாசிக்க வராது. அவ பேரு தமிழ்ல இருக்கணும்" என்றார்.

பிறகு போனை எடுத்தார். மழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செயலியில் பதிந்ததும் சிவசக்தி திரையைப் படம் பிடித்து அவருக்கு அனுப்பியிருக்கிறாள். படத்தை எனக்குக் காட்டினார். இளம்பச்சைப் பெட்டி. இரண்டு வரி. பொத்தான் திரைக்குள்ளேயே இருந்தது.

படத்துக்குக் கீழே ஒரு குரல் பதிவும் இருந்தது. நான் கேட்காமலே அதை அமுத்தினார்.

"இந்த முகவரி ஏற்கெனவே பதிவாகியுள்ளது, நன்றின்னு வந்துருக்குங்க. நாம போடுறதுக்கு முந்தியே தோட்டத்துல பதிஞ்சிருக்காங்க போல. நல்லதாப் போச்சு. நீங்க சாப்பிட்டீங்களா?"

என் வரியை ஒருவர் சத்தமாக வாசித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. தெளிவாக வாசித்திருந்தாள். 'ஏற்கெனவே' என்பதைக்கூட ஒழுங்காக.

மேட்டு லயத்தில் உயர்தரம் வரை படித்தவள் அவள் ஒருத்திதான் என்று தினேஸ் சொன்னார். அன்றைக்குப் பதினெட்டுக் குடும்பமும் தங்கள் போன்களை அவளிடம் கொண்டுவந்தன. அவள்தான் எல்லோருக்கும் பதிந்தாள். எல்லோருக்கும் அந்த வரி வந்தது. எல்லோருக்கும் வாசித்துக் காட்டி, பதிஞ்சாச்சு, பயமில்லாமப் போங்க என்று அனுப்பினாள். இப்போது பாடசாலை முகாமில் இருப்பவர்கள், அவள் பிழையாக வாசித்துவிட்டாள் என்கிறார்கள். படித்தவள் என்று நம்பிப் போனைக் கொடுத்தோம் என்கிறார்கள். முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு நான்கு பேர்தான் வந்தார்களாம்.

"எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும்க்கா. நீங்க பாத்துச் சொல்லுங்க. அவ பிழையா வாசிச்சாளா?"

நான் போனைக் கையில் வாங்கினேன். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனேன். படம் தெளிவில்லை, பத்திரம் எடுக்க வரும்போது பார்ப்போம் என்று சொன்னேன்.

* படம் மிகத் தெளிவாக இருந்தது.

8

மண் சரிந்த நாளுக்குப் பிறகு சுபாஜினி வேலைக்கு வரவில்லை. றுஷ்தி மட்டும் ஒரு நாள் கீழே இறங்கி வந்து என் வாசலில் நின்றார். அந்தச் சோதனையை எடுத்துவிட்டோம் என்றார். பத்து நிமிஷம்தான் ஆனதாம். ஒரு இடத்தில் மாற்றினார்கள், பதினொரு செயலியிலும் மாறிவிட்டது. "அந்தப் புள்ள அவ்வளவு நல்லாத்தான் செஞ்சி வெச்சிருக்கு" என்றார். புதிய அறிவித்தலுக்கு ஒரு வசனம் எழுதித் தர முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். வற்புறுத்தவில்லை.

சுபாஜினியைப் பிறகு நான் பதுளை பஸ் நிலையத்தில் கண்டேன். மெலிந்திருந்தாள். முகாமுக்குப் போய் எல்லோர் முன்னாலும் நின்று, சக்தி மேல் பிழை இல்லை, பெட்டியைச் செய்தது நான், அதற்குள் சோதனை வைத்தது நான் என்று சொன்னாளாம். முகவரி ஒன்றாக இருந்ததையும் சேர்க்காமல் விட்டதையும் தாளில் கீறியும் காட்டியிருக்கிறாள். யாருக்கும் விளங்கவில்லை. மனைவியைப் பறிகொடுத்த மாடசாமி என்ற பெரியவர் மட்டும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கூட்டாளியக் காப்பாத்தப் பாக்குற. வெளங்குதும்மா. போயிட்டு வா" என்றாராம்.

"பெட்டி கிட்டின்னு நான் சொல்றது அவங்களுக்குப் பொய் மாதிரிக் கேக்குதுக்கா. எழுத்தப் பத்தி யாராவது சொன்னாத்தான் வெளங்கும்" என்றாள்.

எழுதியது யார் என்று அவளுக்குத் தெரியும். என் பெயரை அங்கே சொன்னாயா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். அது நீங்களாகச் சொல்ல வேண்டியது என்று அவள் வாயால் சொல்லவில்லை. பண்டாரவளை பஸ் வந்தது. ஏறிவிட்டாள்.

9

தினேஸ் மறுபடி வந்தபோது பத்திரம் தயாராக இருந்தது. இறந்தவரின் பெயர் என்ற இடத்தில் சிவசக்தியின் பெயரைத் தமிழில் பார்த்தார். விரலை வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தார். பிறகு போனை எடுக்கப் போனார்.

எடுக்க வேண்டாம் என்றேன்.

"சக்தி சரியாத்தான் வாசிச்சிருக்கா தம்பி. எழுதினதுதான் பிழை. அத எழுதினது நான்."

என்ன எழுதியிருந்தேன், எதை வெட்டினேன், ஏன் வெட்டினேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அழுவார் என்று நினைத்தேன். எழுந்து அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அவர் பத்திரத்தை மறுபடி உறைக்குள் போட்டு, உறையின் வாயை இரண்டு தடவை மடித்தார்.

"அப்ப அவ பிழையா வாசிக்கல" என்றார்.

"இல்ல."

"எனக்கும் ஒரு சந்தேகம் இருந்துச்சுக்கா. அவ மேல." அதைச் சொன்னபோதுதான் குரல் உடைந்தது. பிறகு, "இத அங்க வந்து சொல்லுவீங்களா? மாடசாமி அண்ணன்கிட்ட, எல்லார்கிட்டயும். ஞாயித்துக்கெழமன்னா எல்லாரும் இருப்பாங்க" என்றார்.

வாறேன் என்றேன்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தார். "எடம் ஒங்களுக்குத் தெரியாது. நான் ஹாலிஎல பஸ் ஹோல்ட்டுக்கு வந்து நிக்கிறேன்."

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். பெரும்பாலான கதைகளை நான் இப்படிப்பட்ட இடத்தில்தான் முடிப்பேன். வாசகருக்கு ஒரு நம்பிக்கையைக் கொடுத்து அனுப்பியது போல இருக்கும்.

10

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி பஸ்ஸில் ஏறினேன். அங்கே சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். எழுதி, வாசித்து, இரண்டு இடத்தில் திருத்தியும் இருந்தேன். ஹாலிஎலவில் பஸ் நின்றது. தினேஸ் ஹோல்ட்டில் நின்றிருந்தார். வெளுத்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கூட ஒரு குடையும் வைத்திருந்தார், எனக்காக இருக்கலாம். இறங்குகிற ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மற்றப் பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். எழும்பவில்லை.

ஏன் என்று இந்த இடத்தில் எழுத வேண்டும். பதினைந்து தடவை எழுதிப் பார்த்துவிட்டேன்.

[கால் மரத்துப்போனது போல]

[மாடசாமியின் முகத்தை நினைத்தபோது]

[நான் போய்ச் சொன்னால் மட்டும் அவர்கள்]

ஒன்றும் உண்மை இல்லை. பயந்துவிட்டேன். பஸ் வெளிக்கிட்டது. பண்டாரவளை வரைக்கும் போனேன். அங்கே இறங்கி, ரயில் ஸ்டேஷனில் அரை மணி நேரம் நின்று, கோச்சியில் திரும்பினேன். அப்படி வந்தால் அந்த ஹோல்ட்டைத் தாண்ட வேண்டியதில்லை.

அன்று பிற்பகல் ஒரு தடவை தினேஸ் கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டை விட்டு இறங்கவேயில்லை. மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை இந்தக் கதையைத் தொடங்கினேன். இன்று ஐந்தாவது.

11

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

ஒன்றில் நான் இறங்குகிறேன். தினேஸ் குடையை விரிக்கிறார். பாடசாலை மண்டபத்தில் எல்லோரும் சுற்றி இருக்க நான் சொல்லி முடிக்கிறேன். மாடசாமி எழுந்து வந்து என் தலையில் கை வைக்கிறார். நான்கு பக்கம் எழுதினேன். நான் எழுதிய உரைநடையிலேயே ஆக நன்றாக வந்திருந்தது அதுதான். கிழித்துவிட்டேன்.

இன்னொன்றில் அவர்கள் என்னை ஏசுகிறார்கள். ஒரு பெண் என் தலைமுடியைப் பிடிக்கிறாள். இதையும் எழுதினேன். எழுதும்போது மனசு இலேசானது. அதனாலேயே அதையும் கிழித்தேன்.

இரண்டும் எனக்கான முடிவுகள். ஒன்றில் மன்னிப்பு, மற்றதில் தண்டனை, இரண்டிலும் நடுவில் நிற்பது நான். சிவசக்தியைப் பற்றி அந்த மண்டபத்தில் பேசுகிற பேச்சு இரண்டிலும் அப்படியேதான் இருக்கிறது, ஏனென்றால் இரண்டும் தாளில்தான் நடக்கின்றன. நான் இந்தக் கதையை எழுதிக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் அங்கே அதைப் பேசிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

ஆகவே முடிவை எழுதவில்லை. உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். இதை வாசிக்கிற நீங்கள் பதுளை–பண்டாரவளை பாதையில் எப்போதாவது போகக்கூடும். ஹாலிஎலவில் இறங்குங்கள். மண்சரிவு முகாம் என்று கேட்டால் எந்தக் கடையிலும் சொல்வார்கள். முகாமை மூடியிருந்தால் ஆட்கள் எங்கே போனார்கள் என்றும் சொல்வார்கள். மாடசாமி என்று கேளுங்கள். தினேஸும் பக்கத்தில் இருந்தால் நல்லது.

நீளமாகச் சொல்ல வேண்டாம். பெட்டியைப் பற்றியும் சோதனையைப் பற்றியும் சொல்ல வேண்டாம், அதைச் சுபாஜினி சொல்லிவிட்டாள். சிவசக்தி சரியாக வாசித்தாள், எழுதப்பட்டதுதான் பிழை, எழுதியவள் பதுளையில் இருக்கிற கலாராணி. இவ்வளவும் போதும்.

அப்படியென்றால் அவள் ஏன் வரவில்லை என்று மாடசாமி கேட்பார். கேட்டால் என்னை மூடி மறைக்க வேண்டாம். நான் இங்கேதான் இருக்கிறேன், எட்டரைக்குக் கந்தோர் திறப்பேன், பத்து மணி பஸ் போகிற சத்தம் தினமும் கேட்கிறது என்று சொல்லுங்கள்.